முருங்கையில் கம்பளிப்பூச்சி, மாமரத்தில் வண்டு

ஸ்டெல்லா, நேற்று மாலை நீ சிதம்பரத்திலிருந்து அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முருங்கையின் அடிமரம் முழுக்கக் கம்பளி போர்த்தியது போலப் பூச்சிகள். கீழே நீ எழுதியிருந்தது ஒரே வரி. "அப்பா, தெருவே கூடி நின்னு கத்துறாங்க, முதல்ல என்னா செய்யறது?" நான் உடனே மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். அது டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். அதைச் சொல்ல அப்பன் எதற்கு? போனை வைத்த பிறகுதான் வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "பூச்சி சிதம்பரத்துல இருக்குது, அரிப்பு உங்களுக்கா?" என்றாள் உங்கம்மா.

அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் விட்ட மருந்தடிக்கிற தொழிலை நீங்கள் இரண்டு பேரும் எடுத்திருக்கிறீர்கள். ஸ்டெல்லா சிதம்பரம் பக்கம், சேவியர் கடலூர் பக்கம். உங்களோடு வேலைக்கு வருகிற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். நான் பத்தாவதோடு நின்றவன். பூச்சிகளுக்குப் புத்தகத்தில் இருக்கிற பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. ஆனால் மரத்துக்கு வருகிற வியாதியில் இரண்டு சாதி உண்டு, அதை மட்டும் சொல்லத் தெரியும்.

கம்பளிப்பூச்சி கூட்டமாக வரும். அதன் தாய் மஞ்சளும் பழுப்புமான அந்துப்பூச்சி. இலையிலே கொத்தாக முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் பொரிந்ததும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது. பகலெல்லாம் அடிமரத்தில் திட்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், இருட்டினால் மேலே ஏறி இலையைத் தின்னும். முடி பட்டால் அரிக்கும், தடிக்கும், பிள்ளைகள் அழும். மரம் மொட்டையாகி நிற்பதைப் பார்த்தால் செத்துவிட்டது என்றே நினைப்போம். அப்புறம் பூச்சி மண்ணுக்குள் போய்விடும், மரம் துளிர்த்துவிடும்.

துளைக்கிற வண்டு அப்படியில்லை. அது தனியாக வரும். பட்டையின் வெடிப்பில் ஒரு முட்டை இங்கே, ஒரு முட்டை அங்கே என்று வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மாதக்கணக்கில் வெளிச்சத்தையே பார்க்காது. மரத்தின் நடுவே தின்றுகொண்டே போகும். வெளியே இலை பச்சையாக இருக்கும், பூக்கும், காய்க்கும். துளையின் வாயில் கொஞ்சம் ஈரத் தூள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். யாரையும் அரிக்காது. அதற்காக யாரும் நமக்குப் போன் செய்ததும் கிடையாது. வேறு எதற்காவது கூப்பிட்டிருப்பார்கள், போன இடத்தில் நம் கண்ணில் படும்.

அப்படி என் கண்ணில் பட்ட ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

திருவந்திபுரம் போகிற சாலையில் கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். கலியபெருமாள் என்பவர் வீட்டிலிருந்து விடியும்போதே போன். மறுநாள் அவருடைய மகள் தேவகிக்குக் கல்யாணம். திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிவிட்டு வீட்டில் சாப்பாடு. கொல்லையில் பந்தல் போட்டாயிற்று. ராத்திரியோடு ராத்திரியாக முருங்கையில் கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடே தாறுமாறாக இருந்தது. பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தார்கள். யாரோ துடைப்பத்தால் அடித்து, பூச்சிகள் சுவரிலும் தெறித்துக் கிடந்தன. கல்யாணப்பெண் கையெல்லாம் தடித்து, வைத்த மருதாணி மேலே விபூதியைப் பூசிக்கொண்டு நின்றாள். பந்தல் போட்டவர் தனவேல், கலியபெருமாளுக்கு மனைவியின் தம்பி. அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "யோவ் மருந்து, இவ்ளோ சின்ன டப்பாவா? லாரியில கொண்டாந்திருப்பேன்னு பாத்தேன்."

"பூச்சிக்குத்தாங்க மருந்து. கூட்டத்துக்கில்ல."

"கூட்டத்துக்கும் கொஞ்சம் அடி. பாதிப்பேரு எங்கக்கா வூட்டு சொந்தம்."

சுவரிலும் வாசலிலும் சமையல் கொட்டகைப் பக்கத்திலும் கிடந்ததையெல்லாம் முதலில் சுத்தம் செய்தேன். அப்புறம்தான் முருங்கைப் பக்கம் போனேன். குனிந்து மருந்து கலக்கும்போது என் புறங்கையில் ஏதோ விழுந்தது. கம்பளிப்பூச்சி என்று உதறினேன். பார்த்தால் மரத்தூள். சவைத்துத் துப்பியது போல ஈரமான தூள்.

முருங்கையில் அப்படித் தூள் வராது. நிமிர்ந்து பார்த்தேன். முருங்கைக்கு மேலே ஒரு மாமரம். அதன் பெரிய கிளை ஒன்று முருங்கையைத் தாண்டி, பந்தலின் கால்வாசி இடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல பச்சை. ஏணி போட்டு ஏறினேன். கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். கத்திப்பிடியால் தட்டினேன். காலிப் பானையைத் தட்டுகிற சத்தம் வந்தது. இறங்கும்போது ஏணியை அந்தக் கிளையில்தான் சாய்த்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து, கடைசிப் படிகளை விட்டுக் குதித்தே விட்டேன்.

கலியபெருமாளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். அவர் ஒல்லியான மனிதர். கையில் மஞ்சள் பையோடு காலையிலிருந்து எதையோ தேடிக்கொண்டே அலைந்துகொண்டிருந்தார்.

"கிளையா? எந்தக் கிளை?"

"பந்தல் மேல நீட்டிகிட்டு இருக்குதே, அதாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. வண்டு தின்னுபுடுச்சு. இன்னிக்கே எறக்கிடணும்."

அவர் மேலே பார்த்தார். "பச்சையா இருக்குது?"

"பச்சையாத்தான் இருக்கும்."

"பச்சையா இருக்குதுல்ல? அப்ப எப்பிடி வெட்டறது? பந்தக்கால் நட்டாச்சு. பந்தக்கால் நட்ட வூட்ல பச்சை மரத்துல கத்தி வெக்கலாமா? உனுக்குத் தெரியாது, நீங்க சர்ச்சுக்குப் போறவுங்க வேற. இந்தக் கல்யாணம் ஏற்கெனவே ஒரு வாட்டி நின்னுபோயி இப்பத்தான் கூடியிருக்குது. மாப்பிள வூட்ல பெரியவரு தவறிட்டாரு. பொண்ணு ராசி செரியில்லன்னு அங்க பொம்பளைங்க அப்பவே பேசிட்டாங்க. இப்ப நான் கிளைய வெட்டுனேன்னு ஒருத்தன் போயி சொன்னா போதும். தட்டைத் திருப்பிகிட்டு சிதம்பரத்துக்கே போயிடுவாங்க."

"விழுந்தா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நாளைக்கே விழும்னு சொல்றியா?"

பிள்ளைகளே, மருந்து எவ்வளவு கலப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருஷம் வேலை செய்தும் பழகவில்லை. "ஆமாங்க, நாளைக்கே விழும்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் எப்படியாவது வெட்டியிருப்பார், ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றிருக்கலாம். "பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தால் அந்தக் கிளைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பதிலும் என் வாயில் தயாராக இருந்தன. இரண்டுமே எனக்குத் தெரியாத விஷயம்.

"தெரியாதுங்க. நாளைக்கும் விழலாம், தீவாளி தாண்டியும் நிக்கலாம். காத்து அடிக்கணும்னுகூட அவசியமில்ல. ஆனா நானா இருந்தா என் பிள்ளைங்கள அதுங்கீழ குந்த வுடமாட்டேன்."

அவர் மஞ்சள் பையைக் கிணற்றுச் சுவரில் வைத்தார். மறுபடி எடுத்தார். "பந்தல மாத்தவும் முடியாது. கால் நட்டது நட்டதுதான். அந்த எடத்தச் சுத்திக் கயிறு கட்டி வெச்சா?"

கல்யாணக் கூட்டத்தில் கயிறு என்ன செய்யும்? பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடும். உச்சி வெயிலில் மாமரத்து நிழலை விட்டுவிட்டு ஆம்பிளைகள் எங்கே போவார்கள்? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முதலில் அங்கேதான் வருவார்கள். காரணம் சொல்லித் தடுக்கலாம் என்றால், காரணம் வெளியே போகக் கூடாது.

சமையலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் முருங்கையைச் சுற்றி பெரிய வட்டம் போட்டுப் போனார்கள். ஒரு சின்னப் பெண் குடத்தோடு குறுக்கே வரப் பார்த்தாள், இரண்டு பேர் கத்தி அவளை இழுத்துக்கொண்டார்கள்.

கலியபெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, ஒருத்தியும் அந்தப் பக்கம் போவ மாட்டேங்குறாளே."

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மரத்துப் பூச்சிய நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வுட்டு வெச்சா?" என்றார்.

"வுடலாங்க. பகல்ல எறங்கி வராது. நான் பாத்துக்கறேன். ஆனா சம்பந்தி வூட்டுக்காரங்க உங்களத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்" என்றார். குரல் மட்டும் இறங்கிப் போயிற்று. "பேசிட்டுச் சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

மிச்ச வேலையை அப்படியே செய்தேன். முருங்கையைச் சுற்றிச் சின்னதாக வாய்க்கால் வெட்டி சோப்புத் தண்ணீர் விட்டேன், கீழே இறங்கினால் தாண்டி வரக் கூடாது என்று. அடிமரத்தில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினேன், பூச்சிகள் அதற்குள் அடைந்துகொள்ளும், கொஞ்சம் வெளியேயும் தெரியும். தனவேலிடம் பருத்த சவுக்குக் கழிகள் வாங்கிக் கிளைக்கு முட்டுக் கொடுத்தேன். கேட்டவர்களிடம் சீரியல் லைட் கட்ட என்று சொன்னேன். முட்டுக்கொடுத்தால் போதுமென்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஒன்றுமில்லாத மரத்துக்கு முட்டு எங்கே பிடிக்கும்?

தனவேலுக்கு என்மேல் ஒரே எரிச்சல். "மாமா, மருந்தடிக்கக் கூப்புட்ட ஆளு பூச்சிக்கு சாக்குப் போத்திவுட்டுகிட்டு இருக்கான். நாளைக்கு அதுங்களுக்கும் எலை போடணுமா?"

"எல வரிசைய பந்தலோட வாசப்பக்கம் தள்ளிப் போடு மச்சான். அவரு இன்னா செய்யறாரோ செய்யட்டும்."

"வாசப்பக்கம் மேல வெறும் துணிதான், வெயிலு மண்டையப் பொளக்கும்."

"பொளக்கட்டும்."

மறுநாள் நான் வீட்டில் இருந்திருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. கல்யாண வீட்டார் கோயிலிலிருந்து திரும்புவதற்கு முன்னாலேயே கொல்லையில் போய் நின்றுகொண்டேன். நல்லவேளை, போனேன். மைக் செட்காரர் புனல் ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஊரில் எந்த விசேஷம் வந்தாலும் அந்த மாமரக் கிளையில்தான் கட்டுவாராம். ஒரு கால் கிளைமேல் வந்துவிட்டது. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"அண்ணே! கழுத்துல கம்பளிப்பூச்சி!"

மனிதர் ஏணியைத் தொட்டாரோ இல்லையோ தெரியாது. ஸ்பீக்கரோடு கீழே நின்று சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். "எங்கய்யா? எங்க?"

"போயிடுச்சுண்ணே."

"எங்க போச்சு? அதச் சொல்லு!" அன்று முழுக்க அவர் முதுகைச் சொறிந்துகொண்டே பாட்டுப் போட்டார். பூச்சியே படாத முதுகு அது.

மேளச் சத்தத்தோடு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பந்தி ஆரம்பித்தது. வாசல் பக்கம் வெயில். இந்தப் பக்கம் குளுகுளுவென்று நிழல் காலியாகக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை ஆசையாக அங்கே பார்ப்பார்கள், யாராவது "பூச்சி" என்பார்கள், திரும்பிவிடுவார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கொஞ்சம் முரட்டு ஆள். வேர்த்து ஊற்ற எழுந்து வந்தார்.

"இன்னா சம்பந்தி, பொண்ணு வூட்ல ஒரு மருந்தடிக்கக்கூட வக்கில்லியா? எங்கள வெயில்ல குந்த வெச்சுட்டு பூச்சிய நெழல்ல வளக்குறீங்க?"

பந்தியில் சிரிப்பு. கலியபெருமாள் கை கூப்பினார். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். ஒரு கழியில துணியச் சுத்திக் குடுங்க, மண்ணெண்ணெய் ஊத்தி நானே பொசுக்கி வுடுறேன். அஞ்சு நிமிசம்."

அவர் நிஜமாகவே கழியைத் தேடினார். கலியபெருமாள் குறுக்கே போய் நின்றார். அந்த ஒல்லி மனிதர் கையை அகல விரித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே.

"வேணாம் சம்பந்தி. நல்ல நாளு. உசுரக் கொல்ல வேணாம்."

சாம்பார் வாளியோடு போன தனவேல் நின்றார். "மாமா, நேத்து ராத்திரி கோழி அடிச்சமே, அது எந்தக் கணக்குல வருது?"

இன்னும் பெரிய சிரிப்பு. சித்தப்பாவும் சிரித்துவிட்டார். "பொண்ணு வூட்டுக்காரரு கொஞ்சம் ஒரு மாதிரிதான் போலிருக்குது" என்று சொல்லிவிட்டு வெயிலுக்கே திரும்பிப் போனார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இதை ஊருக்குப் போய் எப்படிச் சொல்லுவார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தேவகி மணமேடையிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடமும் அவர் சொல்லவில்லை.

எனக்கு இலை போட்டார்கள். சோறு இறங்கவில்லை. சட்டென்று ஒரு காற்று அடிக்கும், இலை சலசலக்கும், மேலே பார்ப்பேன். காற்று நின்றால் அதைவிடப் பயம். பாயசம் வருகிற நேரத்தில் ஏதோ 'டக்' என்று கேட்டது. எழுந்தே விட்டேன். யாரோ நாற்காலியை மடக்கியிருக்கிறார்கள். எதிரில் பார்த்தால் கலியபெருமாளும் எழுந்து நின்றார்.

கிளை விழவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறிப் போனார்கள். முருங்கையில் இருந்ததையெல்லாம் நான் மருந்தடித்துச் சுத்தம் செய்தேன். தனவேல் பந்தல் பிரித்துக்கொண்டே சொன்னார். "இத நேத்தே செஞ்சிருந்தா எங்க மாமாவுக்கு இவ்ளோ கேவலம் வந்திருக்குமா? தொழில் தெரியாத ஆளுய்யா நீ." கலியபெருமாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கிளையை எப்போது இறக்கலாம் என்று கேட்டேன். புதுத் தாலிக்கயிறு மாற்றுகிற வரைக்கும் போகட்டும் என்றார். அப்புறம் கேட்டபோது ஆடி போகட்டும் என்றார். நிழலில் யாரையும் அண்டவிடாமல் தானே முள்ளை வெட்டிப் போட்டு வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து எட்டிப் பார்ப்பேன். கிளை பச்சையாகவே நின்றது. நானே தப்பாகத் தட்டிப் பார்த்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும்.

ஒருநாள் மத்தியானம் அவரிடமிருந்து போன். "எறங்கிடுச்சுப்பா. வா."

காற்றே இல்லாத மத்தியானம். கிளை முள்ளையும் முருங்கையையும் சேர்த்து நசுக்கிக்கொண்டு கிடந்தது. முட்டுக் கொடுத்த சவுக்குக் கழிகள் முறிந்து கிடந்தன. ஒடிந்த இடத்தில் மரம் இல்லை, குழாய் குழாயாக ஓட்டைகள்தான். அதில் ஒன்றின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பைவிட நீளமான மீசை. அதை ஒவ்வொன்றாக இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது.

தனவேலும் வந்திருந்தார். குனிந்து பார்த்தார். "இதுவா? இது ஒண்ணா?"

"உள்ள இன்னும் ரெண்டு மூணு புழு இருக்கும்" என்றேன்.

அவர் எழுந்து கிளையின் நீளத்துக்கு நடந்து பார்த்தார். பந்தலின் கால் நின்ற குழி இன்னும் மண்ணில் தெரிந்தது. கிளையின் நுனி அதைத் தாண்டிக் கிடந்தது.

தேவகி பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளே கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அவள் வருகிறபோதெல்லாம் போடுவாளாம். எனக்கு மோர் கொடுத்துவிட்டு அவளே பேச்செடுத்தாள். "மாமா, எங்க வூட்டுக்காரரு இதப் பாத்துப் பாத்து சிரிப்பாரு. பந்தியில இருக்குறவுங்க எல்லாம் கீழயே பாக்குறாங்க பாருங்க. கால்ல பூச்சி ஏறுதான்னு. எங்கப்பா மட்டும் மேலயே பாத்துகிட்டு நிக்குது. சாமிகிட்ட வேண்டிகிட்டு இருந்துச்சுன்னு எங்க மாமியாரு சொல்லும். அதுலேந்துதான் அதுக்கு எங்கப்பா மேல ஒரு மரியாதை."

டிவியைப் பார்த்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், பரிமாறியவர்கள், மைக் செட்காரர், எல்லோருடைய கண்ணும் தரையில். ஓரமாகக் கலியபெருமாள், தலை நிமிர்ந்து. அவருக்கு எதிரில் சோற்றில் கை வைத்தபடி இன்னொரு ஆள், அவனும் நிமிர்ந்து.

"அது நீங்கதான மாமா? நீங்க எதப் பாக்குறீங்க?"

கலியபெருமாள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார். ஒடிந்த கிளை கொல்லையில் கிடக்கிறது, இனிச் சொன்னால் ஒன்றும் ஆகாது. அவர் லேசாகத் தலையாட்டினார்.

"வாம்மா" என்று தேவகியைக் கொல்லைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டெல்லா, அந்தத் தெரு இன்றும் கூடி நின்று கத்தும். கத்தட்டும். மருந்தைக் கலப்பதற்கு முன்னால், அந்த முருங்கைக்குப் பக்கத்தில் வேறு என்ன மரம் நிற்கிறது, அதற்குக் கீழே யார் உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போன் செய். அதுவரைக்கும் நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டுதான் இருப்பேன்.